படமும் பட்டமும்: சத்தம் கேட்டும் சொல் விளங்காத ஒரு சிறுவன்

பின்னணி

முதன்முதலாக என்னிடம் வந்தபோது அவனுக்கு நாலரை வயது. யாழ்ப்பாணம் வலிகாமத்தில் ஒரு தோட்டக்காரக் குடும்பம். அம்மாவும் அம்மம்மாவும் ஓட்டோவில் கூட்டி வந்தார்கள். பெற்றோரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விபரங்களை விட்டுவிட்டேன். காது கேட்கும் திறனைப் பரிசோதிப்பதும் பேச்சுப் பயிற்சி கொடுப்பதும் என் தொழில். இந்தப் பிள்ளையின் விஷயத்தில் நான் ஒரு தவறான முடிவு எடுத்தேன். எங்கே தவறினேன் என்பது மற்றவர்களுக்குத் தெரியவேண்டும்.

பிறந்தது 33ஆவது வாரத்தில். மூன்றாம் நாள் செங்கண்மாரி (மஞ்சள் காமாலை) கடுமையாகி, நீல வெளிச்சத்தின் கீழ் வைத்தும் குறையாததால் ஒருமுறை இரத்தம் மாற்றியிருக்கிறார்கள். 3 கிழமை விசேட குழந்தைப் பிரிவில் இருந்திருக்கிறான். வீட்டுக்கு விடுவதற்கு முதல் காதையும் பரிசோதித்திருக்கிறார்கள். கிளினிக் கொப்பியில் 'இரு காதும் சரி' என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரியை நம்பி நாலு வருடம் போய்விட்டது.

நடக்கத் தொடங்கியது ஒன்றரை வயதில். முதல் சொல் வந்தது இரண்டு வயது தாண்டி. நாலரை வயதில் அம்மா எண்ணிக்கொண்டு வந்த சொற்கள் ஏறக்குறைய 40. அதிலும் பாதி வீட்டாருக்கு மட்டுமே புரியும். முன்பள்ளியில் அவனுக்கு 'கவனமில்லாத பிள்ளை' என்ற பெயர். சில நாள் சொன்னதைச் செய்வான், சில நாள் திரும்பியும் பார்க்கமாட்டான் என்பதால் பிடிவாதக்காரன் என்றும் சொன்னார்கள்.

அம்மம்மாவுக்கு வந்ததே விருப்பமில்லை. "பலாலியில பிளேன் எழும்பினா இவன்தான் முதல் ஓடிப்போய்ப் பாக்கிறவன். இவனுக்கெங்க செவிடு?" என்று கேட்டார். அம்மா மெதுவாகச் சொன்னார்: "கேக்குது மிஸ். ஆனா சொல்லுறது விளங்குதில்லை."

முழு நோயும் அம்மாவின் அந்த வசனத்தில் இருந்தது. நான் அதை ஒரு தாயின் பேச்சு வழக்காக எடுத்துக்கொண்டேன்.

முதல் பரிசோதனையும் என் முடிவும்

ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு மெல்லிய சத்தம் வரை கேட்கிறது என்று பார்த்தேன். கனத்த சுருதிகளில் 55 டெசிபெல், மேல் சுருதிகளில் 35 டெசிபெல். இரண்டு காதும் ஏறத்தாழ ஒரே மாதிரி. மிதமான குறைபாடு என்றுதான் இதை வாசிப்பார்கள். செவிப்பறையின் அசைவு சரியாக இருந்தது. நடுக்காதில் நீர் இல்லை.

இன்னொரு வரியும் அந்தத் தாளில் இருந்தது. பலத்த சத்தம் கொடுத்தால் நடுக்காதில் ஒரு சின்னத் தசை தானாக இறுகவேண்டும். அந்தச் சத்தம் செவி நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போய்த் திரும்பி வந்தால்தான் அது நடக்கும். இவனுக்கு அந்த இறுக்கம் எந்தக் காதிலும் பதிவாகவில்லை. பிள்ளை ஆடிக்கொண்டிருந்தான், முனை சரியாகப் பொருந்தவில்லை என்று நினைத்து 'மீண்டும் பார்க்க' என்று எழுதி வைத்தேன். பிறகு பார்க்கவே இல்லை. மிதமான குறைபாட்டுக்கு இந்த இறுக்கம் பெரும்பாலும் கிடைக்கும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

இரண்டு காதுக்கும் காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி கொடுக்கலாம் என்று முடிவெடுத்தேன். சத்தம் குறைவாகக் கேட்கிறது, கூட்டிக் கொடுத்தால் கேட்கும் என்பது என் கணக்கு. 45 டெசிபெல் சராசரிக்கு எந்தப் புத்தகமும் அதைத்தான் சொல்லும்.

3 மாதத்துக்குப் பிறகு

கருவியைப் போட்டால் கழற்றி எறிகிறான் என்று அம்மா சொன்னார். சொற்கள் கூடவில்லை. முன்பள்ளிக்குத் தகரக் கூரை. கார்த்திகை மழை கொட்டும்போது கருவியோடு காதைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறான். நான் அளவைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்து, பழகட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அது இரண்டாவது பிழை.

தை மாதம் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அது பட்டக் காலம். வல்வெட்டித்துறைப் போட்டிக்கு முந்திய கிழமைகளில் வானம் முழுக்கப் பட்டம்தான். என் அறை யன்னலாலும் இரண்டு மூன்று தெரிந்தன. அவன் யன்னலைப் பார்க்கட்டும் என்று, என் முகம் தெரியாதபடி பின்னால் நின்று "பட்டம் எங்கே?" என்று கேட்டேன். திரும்பிச் சுவரில் இருந்த படத்தைக் காட்டினான். மறுபடி கேட்டேன். மறுபடியும் படம். முன்னால் வந்து வாயைக் காட்டி, கையையும் மேலே தூக்கிக் கேட்டேன். உடனே யன்னலுக்கு ஓடினான்.

சத்தம் குறைவாகக் கேட்கும் பிள்ளைக்கு இந்த இரண்டு சொல்லும் ஒரே அளவு மெலிதாகத்தான் கேட்கும். ஆனால் ஒன்றை மற்றதாக எடுப்பதற்குக் காரணம் வேறு. படம் என்று சொல்லும்போது நாக்கு நுனி மேலே ஒருதரம் தட்டிவிட்டு வந்துவிடுகிறது, குரல் அறுவதே இல்லை. பட்டம் என்னும்போது நாக்கு அடைத்துக்கொண்டு நிற்கிறது. செக்கனில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாக அந்த இடத்தில் சத்தமே இல்லை. பிறகு வெடித்துத் திறக்கிறது. எழுத்தில் ஒரு புள்ளி வைத்த ட். காதுக்கு அது சத்தத்தில் விழுந்த ஒரு பள்ளம். தமிழில் ஒற்று இரட்டிப்பதால் பொருள் மாறும் சொற்கள் எத்தனை! கடை, கட்டை. முடி, முட்டி. பாடி, பாட்டி. அந்தப் பள்ளம் தெரியாத பிள்ளைக்கு இவை எல்லாம் ஒரே சொல்.

சாதாரணக் காது தொடர்ந்து வரும் இரைச்சலில் 2, 3 மில்லிசெக்கன் இடைவெளியையே கண்டுபிடித்துவிடும். அப்படியிருக்க இவன் 100 மில்லிசெக்கனுக்கு மேற்பட்ட ஒன்றில் தடுமாறினான்.

அந்தச் சோடிகளுக்குப் படம் வரைந்த அட்டைகள் செய்தேன். பின்னால் நின்று சொல்வேன், இரண்டில் ஒன்றை அவன் காட்டவேண்டும். 20 தரம். அமைதியான அறையில் 14 சரி. மேசை ஃபேனைப் போட்டுவிட்டுச் செய்தால் 10. இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் 10 வரும். கருவியைப் போட்டுச் செய்தபோது 13, ஃபேனோடு 9. கருவி ஒரு உதவியும் செய்யவில்லை. மான், மீன் போன்ற சோடிகளில் மட்டும் அவன் பெரிதாகத் தவறவில்லை. உயிரொலியின் நிறம் அவனுக்குத் தெரிகிறது, சத்தம் ஏறி இறங்குவதுதான் தெரியவில்லை.

நரம்பு எப்படி ஏற்ற இறக்கத்தை அறிகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் பெற்றோருக்கும் முன்பள்ளி ரீச்சருக்கும் இதை விளங்கப்படுத்திய பிறகுதான் எல்லாரும் ஒரே பக்கம் இழுக்கத் தொடங்கினோம்.

உட்காதின் நத்தைச்சுருளில் இரண்டு வகை மயிர்க்கலங்கள் உண்டு. வெளி மயிர்க்கலங்கள் ஏறக்குறைய 12,000. அவை வரும் அதிர்வைப் பெருக்கிக் கொடுக்கின்றன. அப்படிச் செய்யும்போது அவையே மெல்லிய ஒரு ஒலியை வெளியே அனுப்புகின்றன. 1978இல் டேவிட் கெம்ப் அதைக் கண்டறிந்தார். குழந்தைகளின் காதில் சின்ன முனையை வைத்துச் சில நிமிடங்களில் செய்யும் பரிசோதனை அந்த ஒலியைத்தான் தேடுகிறது. உள் மயிர்க்கலங்கள் ஏறக்குறைய 3,500 மட்டுமே. கேட்டதை நரம்புக்குக் கைமாற்றுவது அவைதான். ஒவ்வொரு காதிலிருந்தும் 30,000 அளவு நரம்பு இழைகள் மூளைத்தண்டுக்குப் போகின்றன.

ஒரு இழை சத்தம் தொடங்கும் கணத்தில் மளமளவென்று துடிக்கும். அதே சத்தம் நீடித்தால் சில பத்து மில்லிசெக்கனுக்குள் வேகம் குறைந்துவிடும். சத்தம் விழுந்தால் அதிலும் கீழே போகும். மறுபடி ஏறினால் மறுபடி எழும்பும். ஆகவே நரம்பு சத்தம் எவ்வளவு என்பதைவிட சத்தம் மாறியதைத்தான் உரத்துச் சொல்கிறது. இழைகளிலும் வகை உண்டு. சில இழைகள் மிக மெல்லிய சத்தத்துக்கே எழும்பி, கொஞ்சம் கூடினதும் உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் ஏற்றமும் இறக்கமும் அவற்றுக்குத் தெரியாது. வேறு சில மெல்லிய சத்தத்துக்கு அசையாமல் இருந்து, பலத்த சத்தத்திலும் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடரும்.

ஆனால் ஒரு இழை தனியாக எதையும் நிச்சயமாகச் சொல்லிவிட முடியாது. ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே கணத்தில் சேர்ந்து எழும்பி, சேர்ந்து ஓயவேண்டும். மூளைத்தண்டின் முதல் நிலையத்திலேயே பல இழைகள் ஒன்றாக வந்தால்தான் துடிக்கும் கலங்கள் இருக்கின்றன. அதற்கு மேலே நடுமூளையில், குறிப்பிட்ட வேகத்தில் ஏறி இறங்கும் சத்தத்துக்கு மட்டும் கூடுதலாகத் துடிக்கும் கலங்கள் உண்டு. 1988இல் லாங்னரும் ஷ்ரைனரும் பூனையில் அதை விரிவாகக் காட்டினார்கள். மூளையின் மேற்பரப்பு மெதுவான ஏற்ற இறக்கங்களைப் பின்தொடர்கிறது. மனிதப் பேச்சின் ஏற்ற இறக்கம் செக்கனுக்கு 4, 5 தரம் என்ற இடத்தில்தான் உச்சம். அசை ஓடும் வேகம் அதுதான்.

அம்மாவிடம் நான் சொன்னது நல்லூர்த் தேர். வடம் பிடிக்கிற சனம் ஒரே நேரத்தில் அரோகரா என்றால் எழும்புவதும் ஓய்வதும் வீதி முனையில் நிற்கிறவருக்கும் தெரியும். அதே சனம் ஆளுக்கொரு நேரத்தில் சொன்னால் தூரத்தில் ஒரு இரைச்சல்தான் கேட்கும். சத்தத்தின் அளவு குறையவில்லை. ஆனால் அரோகரா போய்விட்டது. "இவன்ர நரம்பு ஆளுக்கொரு நேரத்தில கத்துது. நான் மைக்கைக் கூட்டி வைச்சனான், அவ்வளவுதான்" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவன் குழப்படி இல்லை" என்றார்.

1996இல் ஆர்னல்ட் ஸ்டாரும் அவரோடு வேலை செய்தவர்களும் இப்படிப்பட்ட 10 பேரை விவரித்து ஓடிட்டரி நியூரோபதி என்று பெயர் வைத்தார்கள். நத்தைச்சுருள் பெருக்குகிறது, நரம்பு ஒழுங்காகச் சேர்ந்து துடிப்பதில்லை. 1999இல் ஃபான்-காங் ஸெங் உள்ளிட்டவர்கள் இந்த நோயாளிகளுக்கு இரைச்சலின் உரப்பை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். சாதாரணக் காதுக்கு 100க்கு 5 பங்கு அளவு ஏற்ற இறக்கமே போதும். இவர்களுக்கு அதைவிட மிகப் பெரிய ஏற்ற இறக்கம் தேவைப்பட்டது. கடுமையான செங்கண்மாரி இதற்குத் தெரிந்த காரணங்களில் ஒன்று. செங்கண்மாரியில் இரத்தத்தில் கூடும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் மூளைத்தண்டின் கேட்டல் நிலையங்களையும் செவி நரம்பையும் தாக்கும், மயிர்க்கலங்களைப் பெரும்பாலும் விட்டுவிடும். பிறந்தபோது எழுதிய 'இரு காதும் சரி' பொய் இல்லை. அது வெளி மயிர்க்கலங்களைப் பற்றிய உண்மை.

கொழும்பில் கிடைத்த முடிவுகள்

அதே மாதம் கொழும்புக்கு அனுப்பினேன். நித்திரையில் வைத்து, தலையில் மின்வாய் ஒட்டி, கிளிக் சத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். 10 மில்லிசெக்கனுக்குள் நரம்பிலும் மூளைத்தண்டிலும் இருந்து வரிசையாக வரவேண்டிய அலைகள் 90 டெசிபெல்லிலும் வரவில்லை. தொடக்கத்தில் மட்டும் ஒரு சின்ன அலை. கிளிக்கின் திசையை மாற்றினால் அதுவும் தலைகீழாக மாறியது. அது நரம்பின் அலை இல்லை, மயிர்க்கலங்களுடையது. காதிலிருந்து திரும்பி வரும் ஒலியும் இரு பக்கமும் இருந்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் செவி நரம்பு இரு பக்கமும் சரியான பருமனில் தெரிந்தது.

அன்றே கருவிகளை நிறுத்தச் சொன்னேன். வெளி மயிர்க்கலங்கள் உயிரோடு இருக்கும் காதுக்குள் பலத்த சத்தத்தை அனுப்பிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு மிகவும் கவலையாக இருந்தது.

எடுத்த முடிவுகள்

செங்கண்மாரியால் வந்தால் சில குழந்தைகளுக்கு முதல் ஒன்றரை வருடத்துக்குள் நரம்பு அலைகள் திரும்பி வருவதுண்டு. அதனால் சின்னக் குழந்தையில் பொறுத்திருப்பது நியாயம். இவனுக்கு ஐந்து வயதாகப் போகிறது. காத்திருந்து பயன் இல்லை.

முதலில் மொழி. காது எப்போது சரிவரும் என்று தெரியாத நிலையில் பிள்ளையின் மொழியை நிறுத்தி வைக்க முடியாது. வீட்டில் எல்லாரும் முகத்தைக் காட்டி, கொஞ்சம் மெதுவாக, அசைகளைத் தெளிவாக விட்டுக் கதைக்கவேண்டும், கூடவே சைகையும் பழகவேண்டும் என்று சொன்னேன். பெற்றோர் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலைக்கும் போய்ப் பார்த்தார்கள். அப்பாவுக்குச் சைகையில் பயம் இருந்தது, கை பழகினால் வாய் திறக்காது என்று. அம்மம்மாதான் முதலில் பழகினார்.

அடுத்தது முன்பள்ளி. ரீச்சரின் கழுத்தில் ஒரு சின்ன மைக், பிள்ளையின் காதில் மெல்லிய அளவில் வாங்கி. இது சத்தத்தைக் கூட்டுவதற்கு இல்லை. ஃபேனும் மழையும் பள்ளங்களை நிரப்பிவிடாமல் இருப்பதற்கு. ஃபேனோடு செய்த அட்டைக் கணக்கு 10இலிருந்து 14க்கு வந்தது. வகுப்பில் அமைதியானான். வீட்டில், கோயிலில், தோட்டத்தில் மாற்றம் இல்லை.

6 மாதம் இப்படிப் போனபின் கொக்லியர் இம்பிளாண்ட் பற்றி இருந்து கதைத்தோம். நத்தைச்சுருளுக்குள் மின்வாய்களை வைத்து நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி அது. 1995இல் ராபர்ட் ஷனனும் உடன் வேலை செய்தவர்களும் பேச்சை 4 சுருதிப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஏற்ற இறக்கத்தை மட்டும் விட்டு மற்றதை இரைச்சலாக்கிக் கேட்க வைத்தார்கள். கொஞ்சப் பயிற்சிக்குப் பிறகு மக்கள் ஏறத்தாழ முழுதாக விளங்கிக்கொண்டார்கள். இம்பிளாண்ட் கொடுப்பதும் அதுதான். மின்துடிப்புகளின் உயரம் சத்தத்தோடு ஏறி இறங்கும். மின்சாரம் இழைகளை நேரடியாக ஒரே கணத்தில் தட்டுவதால், தானாகச் சேராத நரம்பு சேர்ந்து துடிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் பிரச்சினை மேலே மூளைத்தண்டில் இருந்தால் பலன் குறையலாம். செங்கண்மாரியில் அந்தச் சந்தேகம் எப்போதும் உண்டு. இதை மறைக்காமல் சொன்னேன்.

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இப்ப கேக்கிறதும் போயிடுமோ மிஸ்?" அந்தக் காதில் போகலாம் என்றேன். பிளேன் சத்தத்துக்கு ஓடுகிற பிள்ளையின் காதை அறுக்கச் சம்மதிப்பது இலேசான காரியம் இல்லை. ஒரு கிழமை யோசித்துவிட்டு, வலது காதுக்கு மட்டும் என்று சம்மதித்தார்கள்.

தொடர்ந்து நடந்தது

ஐந்தரை வயதில் கொழும்பில் சத்திரசிகிச்சை. மேசையிலேயே மின்துடிப்பு கொடுத்துப் பார்த்தபோது நரம்பு சேர்ந்து பதில் சொன்னது பதிவானது. முதல் 3 மாதம் சோர்வாகத்தான் இருந்தது. புதுச் சத்தம் அவனுக்குப் பெரிதாகப் புரியவில்லை, அட்டையில் 15தான். பயிற்சியில் கைதட்டலில் தொடங்கினோம்: தட்டு, நிறுத்து, எத்தனை தட்டு. பிறகு அசை, பிறகுதான் சொல். ஒரு வருட முடிவில் அமைதியில் 19, ஃபேனோடு 16. பின்னால் நின்று பட்டம் என்றால் இப்போது வானத்தைப் பார்க்கிறான்.

இப்போது ஏழு வயது, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தரம் 2. வசனமாகக் கதைக்கிறான், இடையில் சைகையும் வருகிறது. அப்பாவின் பயம் நடக்கவில்லை. கூட்டத்தில் இன்னமும் கஷ்டம். கடந்த நல்லூர்த் திருவிழாவில் இரண்டு நாள் இம்பிளாண்ட் வெளிக்கருவியைக் கழற்றி அம்மாவின் கைப்பையில் போட்டுவிட்டான். நாதஸ்வரத்தில் எந்தப் பாட்டு என்று அவனுக்குத் தெரியாது. சுருதியை இம்பிளாண்ட் நன்றாகக் கொண்டுபோவதில்லை. ஆனால் தவில் தொடங்கினால் கிட்டப்போய் நின்று தொடையில் தாளம் போடுகிறான், பிசகாமல்.

இனி மாற்றிச் செய்வது

33ஆவது வாரத்தில் பிறந்து, இரத்தம் மாற்றி, 3 கிழமை விசேட பிரிவில் இருந்த குழந்தைக்கு, காதிலிருந்து திரும்பும் ஒலியை மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது. விசேட பிரிவில் 5 நாளுக்கு மேல் இருந்த குழந்தைகளுக்கு மூளைத்தண்டு அலைகளைப் பார்க்கும் பரிசோதனையும் வேண்டும் என்று அமெரிக்காவின் குழந்தைக் கேட்டல் கூட்டுக் குழு 2007இலேயே சொல்லிவிட்டது. என்னிடம் வரும் பிள்ளையின் கிளினிக் கொப்பியில் இப்போது நான் முதலில் தேடுவது காது வரியை இல்லை, செங்கண்மாரி வரியை.

நடுக்காதுத் தசை இறுகவில்லை என்றால் அதே நாள் திரும்பச் செய்கிறேன். முடியாவிட்டால் அடுத்த கிழமை கூப்பிடுகிறேன். அந்தப் பரிசோதனையின் தெளிவான முடிவு கிடைக்காமல் கருவி எழுதிக் கொடுப்பதில்லை.

பிள்ளைக்குக் கேட்கிறது, விளங்கவில்லை என்று ஒரு தாய் சொன்னால் அதை அப்படியே தாளில் எழுதுகிறேன். சில நாள் கேட்கிறான் சில நாள் இல்லை என்பதையும் எழுதுகிறேன். இந்த நோயில் அது பிடிவாதம் இல்லை, அடிக்கடி காணும் அறிகுறி.

படம், பட்டம் அட்டைகள் என் மேசையிலேயே இருக்கின்றன. பேச்சு பிந்திய எந்தப் பிள்ளைக்கும், சுருதிப் பரிசோதனையின் முடிவு எதுவாக இருந்தாலும், பின்னால் நின்று 20 தரம் சொல்லிப் பார்க்கிறேன். முதலில் அமைதியில், பிறகு ஃபேனைப் போட்டுவிட்டு.